நான்காவது ஜோடி

மலை மேல் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் பெயர் பிலோமினா. வயது நாற்பது. அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலை வைத்திருக்கும் தெய்வநாயகம் அவர்களில் ஒருவர். அவருக்கு ஐம்பத்தொன்பது.

ஒரு சனிக்கிழமை காலை தெய்வநாயகம் நொண்டிக்கொண்டே வந்தார். கையில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ. சட்டைப் பையில் ஒரு கடிதம். மறுநாள் மூத்தோர் கோப்பைக்கான இறுதி ஆட்டம். மூன்று வருஷமாக அவர் காத்திருந்த ஆட்டம்.

"கோச், ஒரே ஒரு கேள்வி. என் காலுக்குப் பொருந்துற ஷூ இந்த உலகத்துல எங்கயாவது இருக்கா?"

"என்ன ஆச்சு சார்?"

"இது இந்த வருஷம் நாலாவது ஜோடி. நாலும் கடிக்குது. நேத்து ஒன்பது குழி ஆடறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

"கடைக்காரர் தப்பா?"

"கடைக்காரன் என்ன செய்வான்? எல்லாம் அந்த ராயப்பன் பண்ணின வேலை."

ராயப்பன் அவருடைய கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற உதவியாளர். ஆட்டத்தில் அவர்களுக்கு 'கேடி' என்று பெயர். பதினாறு வருஷமாகத் தூக்குகிறார்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் புது ஷூ வாங்கினால் முதலில் தான் போடமாட்டார். கேடியிடம் கொடுப்பார். கேடி அதைப் பத்து நாள் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்து, தோல் இளகிய பிறகு துடைத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு 'ஷூ பழக்குதல்' என்று பெயர். எத்தனையோ படித்த மனிதர்கள் அங்கே உறுப்பினர்கள். ஒருவருக்கும் இது உறுத்தியதில்லை.

தெய்வநாயகம் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"அவன் கால் பாளம் மாதிரி கால். போட்டுப் போட்டு என் ஷூவோட வடிவத்தையே கெடுத்துட்டான். பேரை அடிச்சிடுங்கன்னு கமிட்டிக்கு எழுதியிருக்கேன். நாலு மணிக்குக் கூடுறாங்க. கேடிங்களுக்கு மேற்பார்வை நீங்க. கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

கமிட்டியில் பேரை அடித்துவிட்டால் அந்தக் கேட்டுக்குள் மறுபடி நுழைய முடியாது. ராயப்பனுக்கு வயது நாற்பத்தாறு. வேறு வேலை தெரியாது.

பிலோமினா கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"ஷூ என்ன சைஸ் சார்?"

"எட்டு."

"கடையில காலை அளந்தாங்களா?"

"எதுக்கு? காலேஜ் படிக்கறப்ப இருந்து நான் எட்டு."

"போட்டுப் பார்த்தீங்களா?"

"டிரைவர்தான் போய் வாங்கிட்டு வந்தார்."

"அப்ப இந்த ஷூவை முதல் முதலா எப்ப கால்ல போட்டீங்க?"

"நேத்து." அவருக்கே அது கொஞ்சம் விநோதமாகப் பட்டிருக்க வேண்டும். "அதுவரைக்கும் ராயப்பன்கிட்டதானே இருந்தது" என்று சேர்த்துக்கொண்டார்.

பிலோமினா கடிதத்தைத் திருப்பி, எழுத்து கீழே இருக்கும்படி சிமென்ட் தரையில் வைத்தார்.

"சாக்ஸோட இது மேல நில்லுங்க."

"கமிட்டிக்குப் போற லெட்டர் கோச்."

"பின்பக்கம் வெறும் தாள்தானே சார்? நில்லுங்க. உடம்பு பாரம் முழுசும் அந்தக் கால்ல இருக்கட்டும்."

நின்றார். பிலோமினா குனிந்து, ஸ்கோர் எழுதும் குட்டைப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். அவர் விலகியதும் ஷூவை அந்தக் கோட்டின் மேல் வைத்தார். குதிகால் குதிகாலோடு நின்றது. முன்னால் கட்டைவிரலின் கோடு ஷூவுக்கு வெளியே கிடந்தது. இரண்டு பக்கமும் கோடு பிதுங்கித் தெரிந்தது.

"ஒன்பது சார். அகலமும் கூட வேணும். வயசாக ஆகக் காலும் பரவும்."

"என்னோட காலா இது?"

"நீங்கதானே நின்னீங்க."

பிலோமினா ராயப்பனைக் கூப்பிட்டார். மரத்தடியில் பையோடு நின்றிருந்தவர் வந்தார்.

"அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு இதுல நில்லுங்க."

"வேணாங்க மேடம்."

"நில்லுங்கண்ணே."

ராயப்பன் செருப்பைக் கழற்றினார். கட்டைவிரலில் நகம் இல்லை. பக்கத்து விரல்கள் இரண்டின் நகங்களும் கறுத்திருந்தன. குதிகாலில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார்.

அதே தாளில், அதே கோட்டின் மேல், பிலோமினா அவருடைய பாதத்தையும் வரைந்தார். இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடின.

"இவருக்கும் ஒன்பதுதான் சார்."

"அதெப்படி?" என்றார் தெய்வநாயகம். தன் காலும் கேடியின் காலும் ஒரே அளவில் இருக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதுபோல் கேட்டார்.

பிலோமினா ராயப்பனைப் பார்த்தார். "நாலு ஜோடியும் நீங்கதான் பழக்கினீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"கடிக்குதுன்னு ஐயாகிட்ட சொல்லலையா?"

ராயப்பன் தரையைப் பார்த்தார்.

"சொன்னேங்க. ரெண்டாவது ஜோடியப்பவே சொன்னேன். சின்னதா இருக்குங்கய்யா, மாத்திடலாம்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கடிக்கும்னுதானேடா உன்கிட்ட கொடுத்தேன்னாருங்க."

இந்த இடத்தில் தெய்வநாயகம் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனதோடு கையை விரித்தார்.

"சரி, போகட்டும். லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடலாம். எனக்கு ஒண்ணும் இவன் மேல வன்மம் கிடையாது."

பிலோமினா தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் சார். நாலு மணிக்கு நானே கமிட்டிக்குக் கொண்டு போறேன். ரெண்டு பக்கத்தையும் படிக்கட்டும். இனிமே இங்க யாரும் அடுத்தவங்க ஷூவைப் போடக் கூடாதுன்னு அதுலயே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

"கோச், நீங்களும் இங்க சம்பளத்துக்கு இருக்கிறவங்கதான்."

"தெரியும் சார்."

தெய்வநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோபத்தைவிட அவசரம் பெரிதாகிவிட்டது.

"அதையெல்லாம் அப்புறம் பேசலாம். இப்பவே டிரைவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பறேன். மத்தியானத்துக்குள்ள ஒன்பது சைஸ் வந்துடும். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்..." ராயப்பன் பக்கம் திரும்பினார். "டேய், சாயங்காலம் ஒரு ரெண்டு சுத்து நடந்து கொடுத்துடு. கடைசித் தடவை."

ராயப்பன் பழக்கத்தில் தலையை ஆட்டப் போனார். பிலோமினா அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவர் போடமாட்டார் சார். டிரைவரை அனுப்பாதீங்க, நீங்களே போங்க. போட்டு நடந்து பார்த்து வாங்குங்க. சாயங்காலம் நீங்களே ரெண்டு சுத்து நடங்க."

"நாளைக்கு ஃபைனல் கோச். பழக்காத ஷூ. கடிச்சா நான் என்ன பண்றது?"

பிலோமினா கீழே கிடந்த செருப்பை எடுத்து ராயப்பனின் காலடியில் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கடிச்சா கழட்டிடலாம் சார், உங்களை யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க. பதினாறு வருஷமா அந்த வசதி இவருக்கு ஒரு நாள்கூட இருந்ததில்ல."