மீசைக்கு ஒரு வாக்கெடுப்பு

செம்பாறைச் சீமை என்று ஒரு சீமை இருந்தது. ரொம்ப காலத்துக்கு முன்னால் அதை வல்லபவழுதி என்ற ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் ஒன்று சொல்வார், மதியம் வேறொன்று சொல்வார். அவருக்கு உயிர் தம் மீசை மேல். தினமும் ஒரு நாழிகை மேளம் வாசிக்கச் சொல்லி, அது முடியும்வரை மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்குவார்.

அந்தச் சீமையில் ஒரே ஒரு பெரிய ஏரி. அதன் மடையைத் திறந்து மூடுகிற நீர்த்தலைவரை ஜனங்களே தேர்ந்தெடுக்கலாம். அதில்தான் ஒரு கோளாறு. சீமையில் ஐந்து வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஜனங்கள் பேர் எழுதிய ஓலையைக் குடத்தில் போடுவார்கள். அதிக ஓலை வாங்கிய பேரை அந்த வட்டத்தின் தூதர் தலைநகரில் வந்து சொல்வார். மூன்று தூதர்கள் யார் பேரைச் சொல்கிறார்களோ அவர்தான் நீர்த்தலைவர். பள்ளத்து வட்டம் இரண்டிலும் சேர்த்துப் பதினையாயிரம் பேர். மேட்டு வட்டம் மூன்றையும் சேர்த்தாலும் ஆயிரம் பேர் தேற மாட்டார்கள்.

அந்த வருஷம் பதினையாயிரம் பேரும் மடையிலேயே வளர்ந்த செல்லாண்டி பேரைத்தான் எழுதினார்கள். மேட்டு வட்டங்களில் தண்டராயர் தம் மைத்துனன் வேம்பனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். தண்டராயர் அரசவைப் பிரதானி. மந்திரி குமணன் மேல் அவருக்குத் தீராத பொறாமை. மூன்று தூதர்கள் வேம்பன் பேரைச் சொன்னார்கள். வேம்பன் நீர்த்தலைவன் ஆனான். தண்ணீர் முழுக்கத் தண்டராயரின் தென்னந்தோப்புக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து உண்ணாமலை என்ற பெண் காய்ந்த நாற்றுக்கட்டோடு அரசவைக்கு வந்தாள். கட்டை ராஜாவின் முன்னால் போட்டாள்.

"பதினையாயிரம் பேர் ஒருத்தரைக் கேட்டோம் சாமி. மூணு பேர் வேற ஆளைக் குடுத்தாங்க. அப்ப எங்ககிட்ட ஓலை எதுக்கு வாங்குனீங்க?"

தண்டராயர் குறுக்கிட்டார். "அரசே, இது உங்கள் பாட்டனார் வகுத்த முறை. தலையை எண்ண ஆரம்பித்தால் மேட்டு ஜனங்களை யார் மதிப்பார்கள்? பள்ளத்தார் மொத்தத் தண்ணீரையும் குடித்துவிடுவார்கள்."

உண்ணாமலை மேட்டு வட்டத்துத் தூதர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க மேட்டுக்காவது தண்ணி வந்துச்சா?"

தூதர் தலையைக் குனிந்துகொண்டார். "வரலை தாயி."

ராஜாவுக்குச் சங்கடமாக இருந்தது. "பள்ளத்து வட்டத்துக்கு இரண்டிரண்டு தூதர் வைத்துக்கொள்ளட்டுமே. போதாதா?"

"தூதரே வேண்டாம் சாமி. எங்க ஓலையை எண்ண எங்களுக்குத் தெரியும்."

மந்திரி குமணன் எழுந்தார். "அவள் சொல்வதுதான் நியாயம் அரசே."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "பாட்டனார் முறை தப்பென்று என் வாயாலேயே சொல்ல வை. இன்று மாலை வரை நேரம். முடியாவிட்டால் உன் பதவி தண்டராயருக்கு."

"சரி. அந்த முறைப்படியே இந்த அவையில் ஒரு விஷயம் முடிவு செய்வோம். முடிவை ஏற்பீர்களா அரசே?"

"ஏற்பேன்."

குமணன் அரண்மனை ஆட்களை ஐந்து வட்டமாகப் பிரித்தார். படைத்தலைவர்கள் நாற்பது பேர் ஒரு வட்டம். அதிகாரிகள் நாற்பது பேர் ஒரு வட்டம். சமையல்காரர் மூவர், யானைப்பாகர் மூவர், மேளக்காரர் மூவர், தனித்தனியாக மூன்று வட்டம். பிறகு கேள்வியைச் சொன்னார். "அரசரின் மீசை இருக்கலாமா, எடுக்கலாமா? யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஓலையைக் குடத்தில் போடுங்கள்."

ராஜா சிரித்தார். தம் மீசைக்கு எதிராக எவன் எழுதுவான் என்று அவருக்கு நினைப்பு.

பாயசத்தில் முடி கிடந்ததென்று மூன்று முறை கசையடி வாங்கியவர்கள் சமையல்காரர்கள். அது யாருடைய முடி என்று அவர்களுக்குத் தெரியும். மீசையைப் பார்த்தாலே பட்டத்து யானை மிரள்கிறது என்று பாகர்களுக்குக் கவலை. மேளக்காரர்களுக்குத் தினமும் கை வலி.

குடங்களைத் திறந்தார்கள். எண்பது ஓலை "இருக்கட்டும்." ஒன்பது ஓலை "எடுக்கட்டும்."

"பார்த்தாயா?" என்றார் ராஜா.

"பார்த்தேன் அரசே. இரண்டு வட்டம் இருக்கட்டும் என்கிறது, மூன்று வட்டம் எடுக்கச் சொல்கிறது. முடிவாகிவிட்டது. நாவிதரை வரச் சொல்லியிருக்கிறேன்."

நாவிதர் கத்தியோடு வாசலில் நின்றார். ராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது.

"ஒன்பது பேர் சொன்னதற்காக என் மீசையை எடுப்பதா? எண்பது பேர் பேச்சுக்கு மதிப்பே இல்லையா? இது என்ன அநியாயமான முறை?"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்ன என்று ராஜாவுக்கே உறைத்தது.

குமணன் குரலை உயர்த்தவில்லை. "மீசை ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும் அரசே. காய்ந்த நாற்று வளராது. எண்பது பேருக்காக இவ்வளவு கொதிக்கிறீர்கள். பதினையாயிரம் பேருக்கு எவ்வளவு கொதித்திருக்கும்?"

தண்டராயர் மறுபடி வாய் திறந்தார். "மேட்டு ஜனங்கள்..."

"மேட்டாரின் பயம் நியாயமானது. அவர்கள் பங்குத் தண்ணீரில் யாரும் கை வைக்கக்கூடாது என்று கல்லில் வெட்டி வைப்போம். அதற்காக ஊரார் ஓலையைக் குப்பையில் போட வேண்டியதில்லை" என்றார் குமணன்.

தூதர் முறை அன்றோடு ஒழிந்தது, ராஜாவின் மீசையும் தப்பியது. ஒரு மாதம் முன்பு ஜனங்கள் போட்ட ஓலைகளை ஒன்றாகக் கொட்டி எண்ணினார்கள். செல்லாண்டி நீர்த்தலைவர் ஆனார். தண்டராயரும் வேம்பனும் தோப்புக்கு வெட்டிய வாய்க்காலைத் தங்கள் கையாலேயே மண்வெட்டி பிடித்துத் தூர்த்தார்கள். ஜனங்கள் கரையில் நின்று பார்த்தார்கள். குமணனுக்கு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் உண்ணாமலையிடம்.

"ஒண்ணும் வேண்டாம். வந்து பாருங்க."

மறுநாள் ராஜா பல்லக்கில் போய் வரப்பில் இறங்கினார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"இது யார் வயல்?"

"என்னோடது."

"அது?"

"எங்க அண்ணனோடது."

ராஜா கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பார்த்தார். எங்கும் பச்சை இல்லை. "அதற்கப்பால் இருப்பதெல்லாம்?"

"ஓலை போட்டவங்களோடது" என்றாள் உண்ணாமலை.