பழைய சோறாகாத புது நெல்

குறுக்கே பேசாமல் கேளுங்கள். கிரீடங்கள் பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் இருந்த காலத்தில் ஓர் அரசன் ஆண்டான். அவன் அரண்மனை கூவலூர் உழவர்களுக்குச் செய்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன்.

முதலாவது, இரும்புக் கலப்பை. ஆழமாக உழும் என்றார்கள். உழுதது, மாடுகள்தான் மண்டியிட்டன.

இரண்டாவது, நீர் இறைக்கும் சக்கரம். பத்து ஆள் வேலையை ஒரு யானை செய்துவிடும் என்றார்கள். சக்கரத்தைக் கொடுத்தார்கள். யானையைக் கொடுக்கவில்லை.

மூன்றாவது, வடதேசத்துப் பசு. குடம் குடமாகக் கறக்கும் என்றார்கள். அது கூவலூர் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு, அமைச்சரைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்று முறையும் அமைச்சர் கண்ட முடிவு ஒன்றுதான்: "உழவனுக்குப் புத்தி போதாது."

பிறகு வந்தது முத்துக்குவியல் என்ற புது நெல். பழைய நெல்லைப் போல இருமடங்கு விளையும். அது பொய்யில்லை. ஊரார் ஒரு போகம் விதைத்தார்கள், அறுத்தார்கள், தின்றார்கள். மறு போகத்தில் விதை மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

அமைச்சருக்குக் கோபம் வந்தது. "புது நெல் விதைக்காத ஊருக்குத் தண்ணீர் இல்லை" என்று மதகை அடைத்தார்.

வாய்க்காலின் கடைசியில் ஒற்றை வயல் வைத்திருந்தவள் சடைச்சி. அவள் விட்டிருந்த பழைய நெல் நாற்று நுனி கருகத் தொடங்கியது. நாற்று போனால் அந்த வருடம் அவள் வீட்டில் உலை இல்லை. நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

"மகாராசா, புது நெல் மோசம் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்குப் பிடிக்கவில்லை."

அமைச்சர் சிரித்தார். "நெல் என்ன மாப்பிள்ளையா, பிடித்திருக்கிறதா என்று கேட்க?"

"மாப்பிள்ளையாவது வெளியூர் போவார், ஐயா. சோறு தினமும் எதிரே உட்கார்ந்திருக்கும். மூன்று வேளை என் வீட்டில் சாப்பிடுங்கள். அப்போதும் இதுதான் நல்லதென்றால் என் நாற்றை நானே மாட்டுக்குப் போடுகிறேன்."

வேடிக்கை பார்க்க அரசனும் கூடவே வந்தான்.

முதல் வேளை, ஆவி பறக்கும் புது நெல் சோறு. "அமிர்தம்!" என்றார் அமைச்சர். அரண்மனையில் அவர் சோதித்ததும் இப்படிச் சுடச்சுடத்தான்.

இரண்டாம் வேளை, ஆறிய சோறு. "பரவாயில்லை" என்றார்.

மூன்றாம் வேளை, அதே சோறு இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய பழைய சோறாக. அமைச்சர் கையை விட்டார். கை திரும்பி வரவில்லை. இழுத்தார், சட்டியும் சேர்ந்து வந்தது.

"மெல்ல, ஐயா!" என்றான் பக்கத்து வயல் ஒச்சன். "மிச்சம் வையுங்கள். எங்கள் கோரிக்கையை அரண்மனைச் சுவரில் ஒட்ட வேண்டும்."

"விடியலில் அடுப்பு மூட்ட எங்களுக்கு நேரமில்லை, மகாராசா" என்றாள் சடைச்சி. "பழைய சோறு குடித்துவிட்டுத்தான் வயலில் இறங்குகிறோம்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கேட்டான்: "சரி, உங்களுக்கு எப்படிப்பட்ட நெல்தான் வேண்டும்?"

கேட்டிருக்கக் கூடாது. ஊரே ஒன்றாகக் கத்தியது. ஒருவனுக்கு ஆள் உயர வைக்கோல் வேண்டும். ஒருத்திக்குக் கஞ்சி மணக்க வேண்டும். இன்னொருவனுக்குத் தன் மாமனார் விதைக்காத எதுவானாலும் சரி.

மதகு அன்றே திறந்தது. சடைச்சியின் நாற்று நிமிர்ந்தது. யார் எதை விதைப்பது என்பது அவரவர் விருப்பம் என்றானது. அதிகம் கத்திய ஒச்சனே புது விதையில் இரண்டு மூட்டை தூக்கிப் போனான். கேட்டதற்கு, "பட்டணத்தில் சுடச்சுடத்தானே தின்கிறார்கள், அவர்களுக்கு விற்பேன்" என்றான்.

மறுநாள் மூன்று ஊரார் சாட்சியாக நிற்க, அரண்மனைக் கட்டியக்காரன் மதகின்மேல் ஏறி ஆணையை உரக்க வாசித்தான்:

"மண்ணுக்குப் பொருந்தினாலும் மனிதருக்குப் பிடிக்காத புதுமை வேர் பிடிக்காது, ஆகவே கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். இனி வரும் புது நெல் ஒவ்வொன்றையும் முதலில் பழைய சோறாகத் தின்று பார்க்க நியமிக்கப்பட்டவர், அமைச்சர் பேரருளாளர்."