தட்டல் கேட்கும் இடம்

கோயம்புத்தூருக்கு வெளியே, பல்லடம் போகும் வழியில் இருந்தது ஷகிலா பானுவின் பட்டறை. பந்தயக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். வயது முப்பத்தாறுதான். எஞ்சினைத் திறக்காமலே உள்ளே நடப்பதைக் கேட்டுச் சொல்லிவிடுவார் என்று பெயர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

சென்னியப்பனுக்கு அவரைவிடப் பதினேழு வயது கூட. நூல்மில்லில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடியதும் இங்கே வந்து, கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். ஏன், எதற்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை. ஒரு துணியைக் கொடுத்து வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மாஸ்டர் பந்தயத்துக்காகச் சென்னை போயிருந்த ஒரு வாரத்தில், டாக்டர் எவாஞ்சலின் தன் காரைக் கொண்டுவந்தார். மலைமேல் மஞ்சம்பாறை எஸ்டேட்டில் டாக்டர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். அவசரமென்றால் நோயாளியைத் தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். எஸ்டேட்டிலிருந்து எங்கே போவதானாலும் முதலில் ஒரு கணவாய் ஏறியாக வேண்டும். அந்த ஏற்றத்தில் கார் திணறுகிறது என்றார்.

மாஸ்டர் வரட்டும் என்று சென்னியப்பன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டேங்கில் பந்தயக் கார்களுக்கு ஊற்றும் நூறு ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி, டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றைக் கூட்டிவிட்டார். உள்ளே பெட்ரோல் முறைதவறி வெடித்தால் தட்டுகிற சத்தம் எழும். அதைக் கேட்டதும் எஞ்சின் தானாகப் பின்வாங்க ஓர் ஏற்பாடு உண்டு. அது வேகத்தைத் தின்கிறது என்று அதையும் மழுக்கிவைத்தார். கார் பறந்தது. இனிமேல் நூறுதான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். டாக்டரும் தலையாட்டினார். மஞ்சம்பாறை பெட்ரோல் பங்கில் அது கிடைக்குமா என்று சென்னியப்பன் கேட்கவில்லை.

பதினோராம் நாள் போன் வந்தது. பங்கில் இருந்தது சாதாரண பெட்ரோல், தொண்ணூற்றொன்று ஆக்டேன். வேறு வழியில்லாமல் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். பின்சீட்டில் பிரசவ வலியோடு கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி. கணவாயின் ஏழாவது வளைவில், தகரத்தில் கல்லை அள்ளி வீசியது போலச் சத்தம். நிறுத்த முடியாத அவசரம் என்று டாக்டர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். ஒன்பதாவது வளைவில் எஞ்சின் செத்தது. தேயிலை லாரி ஒன்று வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம் சாலையோரம் கிடந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிழைத்ததே பெரிசு என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் சென்னியப்பனை உட்கார வைத்தது.

கட்டி இழுத்துவந்த காரை மாஸ்டரும் சென்னியப்பனும் சேர்ந்து பிரித்தார்கள். மூன்றாவது பிஸ்டனின் தலையில், சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. மாஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் கையில் கொடுத்தார். ஒரு சொல் இல்லை. அன்றும் இல்லை, எஞ்சினைப் புதிதாகக் கோத்து முடித்த அந்த மூன்று வாரமும் இல்லை. சென்னியப்பன் திட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தானே வாயைத் திறந்தார்.

"பெட்ரோல் மட்டமுங்க மாஸ்டர்."

"அப்படிங்களா?"

மாஸ்டர் இரண்டு இரும்புக் கிண்ணங்களை வாசல் மணலில் வைத்தார். ஒன்றில் ஒரு கரண்டி தொண்ணூற்றொன்று, மற்றதில் ஒரு கரண்டி நூறு. எதில் எது என்று சொல்லவில்லை. தள்ளி நின்று நீளக் கம்பியால் இரண்டுக்கும் தீ வைத்தார்.

"எதுங்ணா மட்டம்?"

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். சுற்றிவந்து பார்த்தார். ஒரே நிறம், ஒரே உயரம். இரண்டும் ஒன்றுபோல எரிந்து, ஒன்றுபோல அணைந்தன.

தெரியவில்லை என்றார்.

மாஸ்டர் டாக்டரின் காரை உருளைகள்மேல் ஏற்றினார். அங்கே சக்கரம் சுற்றும், கார் நகராது. டேங்கில் தொண்ணூற்றொன்றை ஊற்றினார். எஞ்சின் உடம்பில் ஒரு செம்புக் குழாயை முடுக்கி, அதிலிருந்து வந்த ரப்பர் குழாயைக் காதை மூடும் கவசத்தோடு இணைத்தார். இரண்டு வருஷமாக மாஸ்டர் மட்டுமே போட்டுக்கொள்ளும் கவசம். அதை எடுத்துச் சென்னியப்பன் தலையில் மாட்டினார்.

உலகம் அணைந்தது. வேறொன்று திறந்தது.

நூல் நூற்கும் ஆயிரம் கதிர்கள் ஒன்றாகச் சுற்றும் மில் இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். இது அப்படி இல்லை. விநாடிக்கு நூறு தடவைக்குமேல் உள்ளே தீ பிறந்து அணைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பெட்ரோலும் காற்றும் நசுங்கி, சூடேறி, இதோ பற்றிவிடும் என்ற இடத்திலும் பற்றாமல், பொறி வரட்டும் என்று நின்றன. பொறி வந்த பிறகே எரிந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. இத்தனை நாளும் இரும்புக்குள் இது நடந்துகொண்டிருந்ததா என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மாஸ்டர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அந்தச் சீரான முழக்கம் கனத்துக்கொண்டே போனது. திடீரென்று அதனூடே ஒரு சின்னத் தட்டல். கூழாங்கல் ஒன்று கண்ணாடியில் பட்டது போல. பெட்ரோல் பொறுக்க முடியாமல் தானாகப் பற்றிக்கொண்டது.

சென்னியப்பன் கையைத் தூக்கினார். மாஸ்டர் அதே கணம் காற்றைத் தளர்த்தினார். தட்டல் நின்றது.

இன்னொரு முறை செய்து பார்த்தார்கள். அதே இடத்தில், அதே தட்டல்.

பிறகு டேங்கைக் காலி செய்து நூறை ஊற்றினார் மாஸ்டர். முன்பு தட்டிய இடம் வந்தது, தாண்டியது. சத்தமே இல்லை. காற்று ஏற ஏற முழக்கம் மட்டும் பெருகிற்று. சென்னியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதுதான் உசத்தி என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, மாஸ்டர் இன்னும் ஒரு சுற்றுக் கூட்டினார்.

கூழாங்கல் விழுந்தது.

சென்னியப்பன் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  அதற்குள் மாஸ்டர் நூறை வடித்துவிட்டு, மறுபடி தொண்ணூற்றொன்றை ஊற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டரின் எஞ்சினை இந்தத் தொண்ணூற்றொன்றுக்குத்தான் சரிசெய்து கொடுக்கப் போகிறோமா என்று கேட்டார் சென்னியப்பன். மஞ்சம்பாறையில் இதுதானே கிடைக்கிறது என்றார் மாஸ்டர். அப்படியானால் கணவாயில் முன்போலப் பறக்காதே என்றார் சென்னியப்பன். பறக்காது என்று ஒத்துக்கொண்டார் மாஸ்டர்.

"இதுக்கு மேல இந்தப் பெட்ரோல் தாங்கவே தாங்காதுங்களா, மாஸ்டர்?"

மாஸ்டர் டேங்க் மூடியைத் திருகி முடித்தார்.

"அது தன்னோட அளவைச் சொல்லிடுச்சுங்ணா. இனி அடங்க வேண்டியது நாமதான்."