மரத்துப்போன கால்

காலை ஆறு மணி. பந்தய லாயத்தில் முப்பத்திரண்டு குதிரைகள். முப்பத்தொன்று பயிற்சிக்குப் போய்விட்டன. நின்றது ஒன்றுதான். பெயர் செங்காந்தள்.

அதன் வலது முன்னங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. லேசான கிழிசல் இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் எஸ்தர், ஒரு வருடம் ஓட விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எஸ்தர் குதிரை வைத்தியத்தில் பெயர் எடுத்தவர். அவரிடம் தொழில் கற்க வந்த இளம்பரிதிக்கு அவரைவிட நாலு வயது கூட. மாட்டு ஆஸ்பத்திரியில் வெகுகாலம் டாக்டராக இருந்தவர். குருவின் வயதை அவர் பொருட்படுத்தியதில்லை. நாக்குக்குத்தான் பயம்.

அன்றும் பயந்துகொண்டுதான் வந்தார்.

“மேடம், செங்காந்தள் தேறுமா?”

“நேத்து ஓனர் வந்தாராமே?”

“வந்தார். ‘ஜவ்வாவது ஒண்ணாவது, தோள்ல சுளுக்கு. ஒரு வருஷம் தண்டத் தீனி போடச் சொல்றீங்களா’ன்னு தீனதயாளன் சார் குதிச்சார். வலி கால்லதான்னு நிரூபிச்சுக் காட்டினேன்.”

“எப்படி?”

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான். ஜவ்வு இருக்கிற இடத்தை மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வச்சேன். நொண்டல் நின்னுடுச்சு. நொண்டல் நின்னா வலி அங்கேதான்னு அர்த்தம், இல்லையா?”

“நமக்கு அர்த்தம். அவருக்கு?”



“துள்ளிக்கிட்டு நடந்துச்சு மேடம். அவர் கைதட்டினார். ‘ஒரே ஊசியில குணமாயிடுச்சே, இதை முதல்லயே போட்டிருக்கக் கூடாதா’ன்னார். எனக்கு மாலை போடாத குறை.”

எஸ்தர் சிரிக்கவில்லை. மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

“கையை நீட்டுங்க.”

அதே மருந்து. பரிதியின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் இரண்டு பக்கமும் குத்தினார். கேன்டீனுக்கு டீ சொல்லி அனுப்பினார். ஆவி பறக்க கிளாஸ் வந்தது.

“விரலை உள்ளே விடுங்க. சுடுதா?”

“தெரியலை மேடம்.”

“அப்ப ஆறிடுச்சு. ஒரே மடக்காக் குடிங்க.”

பரிதி விரலை வெளியே எடுத்தார். சிவந்திருந்தது. டீயைக் குடிக்கவில்லை.

“இப்பவே அவர்கிட்ட போய்ச் சொல்றேன் மேடம். ஊசி வலியைத்தான் மறைக்கும், ஜவ்வை ஒட்டாதுன்னு சொல்றேன்.”

“சொல்லுங்க. கண்ணால பார்த்தவருக்குக் காது எதுக்கு?”

“கால்ல விழுந்தாவது கேட்கிறேன். ஒரு வருஷம் நிக்க விட்டாத் தேறிடும்தானே?”

“ஜவ்வு கூடிடும். பந்தயத்துக்கு ஆகுமான்னு சொல்ல முடியாது. நடக்கும், மேயும், குட்டி போடும். வலிக்கிறவரைக்கும் காலை அதுவே பார்த்துத்தான் வைக்கும். வலி தெரியலைன்னா அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், ஓடுறது.”

“நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன் மேடம்.”

“தெரியும். கெட்டதுக்குச் செய்யறவன் இவ்வளவு சுத்தமாப் போட மாட்டான்.”

வெளியே லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. தீனதயாளனின் ஆட்கள் இறங்கினார்கள். வேறு லாயத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவாம். நேற்றைய மரப்பு விட்டிருந்தது. செங்காந்தள் வலது காலைத் தூக்கித் தூக்கி, பலகையில் ஏற மறுத்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். பரிதி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

“நகருங்க டாக்டர். அங்கே இதுக்கு ஊசி ரெடியா இருக்கு,” என்றான் ஒருவன்.

லாரி போனது. எஸ்தர் வாசலுக்கு வந்தார்.

“நேத்து ஓனர் மருந்தோட பேரைக் கேட்டாரா?”

“கேட்டார்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அப்ப இனிமே அவருக்கு நாம ரெண்டு பேருமே தேவையில்லை,” என்றார் எஸ்தர்.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. நான்காவது பந்தயத்தில் செங்காந்தள் கடைசித் திருப்பம் வரை முதலில் ஓடியது. அங்கே விழுந்தது. திரை பிடித்து, மைதானத்திலேயே கருணைக் கொலை செய்தார்கள். ஐந்தாவது பந்தயம் குறித்த நேரத்தில் தொடங்கியது.