உதவாத கல் நிற்கும் மனை

முன்னொரு காலத்தில், மனை வாங்காதவனை மனுஷனாகவே மதிக்காத ராஜா ஒருவர் இருந்தார். ஒரு சித்திரை மாதக் காலையில், "என் சபையில் எல்லோருக்கும் புது நகரில் மனை இருக்க வேண்டும்!" என்று அறிவித்தார். நிலங்களைக் கவனிக்கும் அமைச்சர் சடையநாதர் ஊருக்குக் கிழக்கே இருந்த பெரிய பொட்டலில் அன்றைக்கே எல்லைக்கல் நட்டு, கொடி கட்டி, மேளம் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றினார். 'அரசர் நகர்' என்று பெயரும் வைத்தாயிற்று.

மோர் குடித்த வாய் காய்வதற்குள் சேனாதிபதி தன் வீட்டை அமைச்சருக்கே கொடுத்து மனைப் பத்திரம் வாங்கிக்கொண்டார். புலவர் மனையைப் பார்க்காமலேயே அதன் அழகைப் பாடினார்.

ராஜாவைச் சிரிக்க வைக்கும் வேலையில் இருந்த பிச்சாண்டி மட்டும் மண்ணைக் கிளறினான். கை நிறைய நத்தை ஓடு வந்தது.

"அமைச்சரே, இதுக்கு முந்தின பத்திரம் எங்கே? வண்டி வர வழி எங்கே? மழை பெஞ்சா தண்ணி எங்கே போகும்?"

"மோர் குடிச்சீரா? குடிச்சிட்டுக் கிளம்பும்" என்றார் சடையநாதர்.

அரண்மனையை ஒட்டியிருந்த பிச்சாண்டியின் வீட்டின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். நேரே ராஜாவிடம் போய், "தங்கள் பெயர் வைத்த நகரையே சந்தேகப்படுகிறான், பிரபு" என்று பற்றவைத்தார்.

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "பிச்சாண்டி! உன் வீட்டை அமைச்சருக்குக் கொடுத்துவிட்டு அங்கே மனை வாங்கு. கார்த்திகையில் உன் புது வீட்டில் எனக்கு விருந்து. தவறினால் நாட்டை விட்டே வெளியேறு!"

பிச்சாண்டிக்கு இருந்த ஒரே சொத்து அந்த வீடுதான். ஆனாலும் கும்பிட்டுவிட்டு, யாரும் சீண்டாத ஓரத்து மனையைக் கேட்டான். அங்கே இரண்டு கல்தூண்களும், நடுவே செருகிய ஒரு பலகைக்கல்லும் நின்றன.

"பத்திரத்துல இதை என்னன்னு எழுதுவீங்க?"

சடையநாதர் ஒரு நொடி திணறினார். "உதவாத கல்னு எழுதய்யா" என்றார் எழுத்தரிடம்.

ஐப்பசி வந்தது. அடைமழையும் வந்தது. அரசர் நகரைக் காணோம்.

கார்த்திகையில் ராஜா விருந்துக்குப் பரிசலில் வந்தார். கூடவே முகம் வெளுத்த சடையநாதர். ஓரத்துக் கல்தூணில் கட்டிய மூங்கில் தெப்பத்தின் மேல் குடிசை போட்டு, பிச்சாண்டி இலை விரித்திருந்தான்.

"என் நகரம் எங்கேயடா?"

"காலுக்குக் கீழேதான், மகாராஜா. சேனாதிபதி மனையில விரால் மீன் குடும்பத்தோட குடியேறிடுச்சு. புலவர் மனையில தவளை. பாட்டு நின்னுடக் கூடாதில்ல?"

"இது ஏரியல்ல, பிரபு!" என்று குறுக்கிட்டார் சடையநாதர். "எதிர்பாராத மழை. நாலு நாளில் வற்றிவிடும்."

"அமைச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் பிச்சாண்டி. "ஆனா விருந்தாளி கால் நனையுதே. என் மனையில ஒரு உதவாத கல் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைத் தூக்கிப் போட்டுட்டு மகாராஜாவுக்கு மேடை கட்டுறேன்."

பலகைக்கல்லில் இரண்டு கையையும் கொடுத்து ஒரு தம் பிடித்தான்.

சடையநாதர் பரிசலிலிருந்து தெப்பத்துக்குத் தாவி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "ஐயோ, தொடாதேடா! மதகைத் திறந்தா கீழே இருக்கிற என் வயல் பூரா மூழ்கிடும்!"



"மதகா?" என்றார் ராஜா, மெதுவாக. "ஏரி இல்லாத ஊரில் மதகு எதற்கு, சடையநாதரே?"

அமைச்சர் தண்ணீரைப் பார்த்தார். ராஜா அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். முதலில் ராஜாவின் மீசை துடித்தது. பிறகு சிரிப்பு வெடித்ததில் பரிசலே ஆடியது.

"எல்லோர் வீட்டையும் திருப்பிக் கொடும். அரசர் நகர் முழுவதும் இனி உமக்கே. இன்றே குடிபோகலாம்! பிச்சாண்டி, உனக்கு மேற்கே ஒரு கிராமம் தருகிறேன்."

"சந்தோஷம், மகாராஜா. இந்த மழையிலயே ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து வாங்கிக்கிறேன்."

ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்து, போய்வரத் தன் குடையையும் கொடுத்தார்.