கத்தி படாத பூட்ஸ்

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று தங்கச்சிமடம் பக்கம் இருந்தது. முதலாளி கனகசபாபதி. சாமான்களைப் பழுதுபார்ப்பவள் டெல்பினா.

முதலாளி வெளிநாடு போனார். அங்கே உறைந்த ஏரியில் பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்களைப் பார்த்துவிட்டு, பனிப்பலகையும் கெண்டைக்கால் உயரப் பூட்ஸும் வாங்கி வந்தார்.

“நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. இது கடல்ல ஓடணும். ஆனா பூட்ஸ்ல கத்தி படக்கூடாது. பட்டா உனக்கு வேலை இல்ல.”

“விழுந்தா கால் உடனே வெளிய வரணும் சார். இந்த உயரத்தை வெட்டலைன்னா வராது, ஆளு முங்கிருவான்.”

“ஐஸும் தண்ணிதானம்மா!”

“அப்ப சரி சார். உங்க அளவுதானே, நீங்களே போட்டுக் காட்டுங்க.”

மறுநாள் விருந்தாளிகள் முன்னால் அவர் பூட்ஸை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். டெல்பினா ஒரு வாளி கடல்தண்ணீரை அதற்குள் ஊற்றினாள்.

“என்னம்மா பண்றே?”

“கடல் ஊத்தப்போறதை நான் முன்னாடியே ஊத்திட்டேன். நடங்க சார்.”

நாலு எட்டு வைத்தவர் கரையோரம் பொத்தென்று உட்கார்ந்தார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. அலை வந்து மடியை நனைத்தது.

“கழட்டும்மா!”

“கத்தி இல்லாம முடியாது சார்.”

“அறுத்துத் தொலை!”

கணுக்காலுக்குக் கீழே சுற்றி அறுத்தாள். கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. செருப்பு மாதிரி மிஞ்சியதைப் பலகையில் திருகி, சாயங்காலமே விருந்தாளிகளை ஓட்டவிட்டாள்.

அறுபட்ட துண்டை எடுத்துப் பார்த்தார் முதலாளி. விளிம்பு நெடுக மெல்லிசாக மார்க்கர் கோடு.

“இது எப்ப போட்டது?”

“நேத்தே சார். கத்திதானே படக்கூடாதுன்னீங்க?”