ராசா கன்னத்தில் ஒரு விரல்

கோணப்பட்டிக்காரர்கள் மழை பெய்தால்கூட நாலு பேர் கூடிப் பேசி, நனையலாம் என்று முடிவான பிறகுதான் நனைவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு நாடகக் குழு இருந்தது. தலைவர் தவசி. ராசா வேஷம் ஒச்சப்பன். ராணி வேஷம் ராக்கம்மாள். வீட்டிலும் ஒச்சப்பனுக்கு அவள்தான் ராணி. சூரிய பகவானாக வருகிறவன் கருத்தப்பாண்டி. படுதா இழுக்கிறவன் மூக்கன். சொன்னதைச் சொன்னபடி செய்வது மூக்கனின் நல்ல குணம். மற்றவர்களிடம் அந்தக் குணம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

போன வருஷம் பட்டணத்தில் பெரிய நாடக விழா. ஆட ஆசைப்படுகிறவர்கள் ஒரு நாடகத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். இவர்களும் ராக்கம்மாளின் செல்போனில் பிடித்து அனுப்பினார்கள். பதில் வந்தது: "நாடகம் பரவாயில்லை. ராஜாவின் கழுத்துக்கு மேலே ட்யூப்லைட் எரிகிறது. முகம் எங்கே?"

ஒச்சப்பன் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தான். இருபது வருஷமாக அரிதாரம் பூசிய முகம். மீசையும் இல்லை, மச்சமும் இல்லை. அவித்த முட்டைக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது. அன்றையிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷமும் தன் முகம் தெரியாமல் போனால், கிரீடத்தைக் கருத்தப்பாண்டி தலையில் வைத்துவிட்டுத் தான் படுதா இழுக்கப் போவதாகச் சபதம் போட்டுவிட்டான். இதைக் கேட்டு மூக்கனுக்கும் சோறு இறங்கவில்லை.

நல்ல கேமராவும் விளக்கும் வாடகைக்கு எடுக்க வசதி கிடையாது. தவசி, டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தேவசகாயத்துக்குப் போன் போட்டார். அவரோ ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இவருக்கும் பதில் சொன்னார்.

"செல்போனே போதும்ணே. பின்னாடி கறுப்புப் படுதா இருக்குல்ல, அந்த இருட்டைப் பார்த்துக் கேமரா ஏமாந்துருது. ஏமாந்துதான் மொகத்தை வெள்ளையடிக்குது. ராசா வந்ததும் அவரு மொகத்தைத் தொட்டு, விரலை எடுக்காம அழுத்திப் பிடிங்க. பக்கத்துல ஒரு சூரியன் வரும். அதைக் கீழ இழுங்க. மச்சம்கூடத் தெரியும்."

அவர் தொடச் சொன்னது போன் கண்ணாடியில் தெரிகிற முகத்தை. சூரியன் என்றது அதில் வருகிற குட்டிப் படத்தை. இது எனக்கும் உங்களுக்கும் தெரியும். கோணப்பட்டிக்குத் தெரியாது.

தவசி குழுவைக் கூட்டினார். யார் தொடுவது என்பது முதல் கேள்வி. ராணி தொடலாம் என்றால், ராணி நாலாம் காட்சியில் செத்துப்போவாள். செத்த பிறகும் தொட்டுக்கொண்டு நின்றால் சனம் பயப்படும். மந்திரி தொட்டால் மரியாதைக் குறைச்சல்.

"மூக்கன் தொடட்டும். அவன்தான் கதையிலயே இல்லை" என்றார் தவசி.

"எந்த விரலாலண்ணே?" என்று கேட்டான் மூக்கன்.

நியாயமான கேள்வி. அதற்கே அரை நாள் போனது. கட்டை விரல் என்றால் ராசா முகத்தில் கைநாட்டு வைத்த மாதிரி இருக்கும் என்றான் ஒருத்தன். சுண்டு விரலுக்குப் பலம் பத்தாது என்றான் இன்னொருத்தன். கடைசியில் ஆள்காட்டி விரல் என்று தீர்மானம் ஆயிற்று.

"நகத்தை வெட்டிட்டு வா" என்றான் ஒச்சப்பன்.

ராக்கம்மாளுக்கு வேறொரு கவலை. "கேமரா ஒரு ஏமாளின்னு அவரே சொல்லிட்டாரு. நம்ம கதையில மந்திரி ராசாகிட்டப் பொய் சொல்ற எடம் இருக்கே. அதையும் நம்பிருச்சுன்னா?"

இது யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அவளைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மேடையில் நாடகம். எதிரே மூன்று கவட்டைக் கம்பை நட்டு, போனைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ராசா வந்தார். கன்னத்தில் விரலை அழுத்தியபடி மூக்கனும் வந்தான். ராசா நடந்தால் நடந்தான், உட்கார்ந்தால் குனிந்தான். வாள் சண்டையில் ராசா நின்ற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்ற, மூக்கன் வெளியே மூன்று சுற்று ஓடி மூச்சு வாங்கினான். "நாதா, இங்கே நம்மைத் தவிர யாருமில்லையே" என்று ராணி வெட்கப்பட்டபோது, மூக்கன் நாகரிகமாகக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

மந்திரி பொய் சொன்னான். உடனே ராக்கம்மாள் மேடையை விட்டு இறங்கி, போனுக்குப் பக்கத்தில் போய், "இவன் சொல்றது பொய். நம்பிராத" என்று சொல்லிவிட்டு, திரும்ப ஏறிச் செத்துப்போனாள்.

கடைசிக் காட்சி. தகரக் கதிர்களைத் தலையில் கட்டிக்கொண்டு கருத்தப்பாண்டி ராசாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "மன்னா, உன் பக்தியை மெச்சி" என்று வாயெடுத்தான். தவசி கண்ணைக் காட்டினார். மேடை ஓரத்தில் காத்திருந்த நாலு பேர் சூரியனின் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"வரத்தையாவது முடிக்க விடுங்கடா" என்றான் சூரிய பகவான்.

"நீ கீழ வந்தாத்தான்டா அவன் மொகம் தெரியும்" என்றார் தவசி.

போகிற போக்கில் கருத்தப்பாண்டி கறுப்புப் படுதாவைப் பிடித்துத் தொங்கினான். படுதாக் கயிற்றைப் பிடிக்க வேண்டியவன் ராசா கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். படுதா அறுந்து சூரியனை மூடியது. பின்னால் இருந்த மஞ்சள் சுவர் பளிச்சென்று வந்தது. இருட்டு போனதும் கேமராவுக்குப் புத்தி தெளிந்துவிட்டது. ஒச்சப்பன் முகம், மீசை மச்சத்தோடு அப்படியே விழுந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. "கடைசிக் காட்சியில் ராஜா முகம் மிகத் தெளிவு. நகைச்சுவையும் புதுமை. விழாவுக்கு வரவும். எங்கள் ஆட்களே ஐந்து கேமரா வைத்துப் படம் பிடிப்பார்கள்."

ஒச்சப்பன் அன்றைக்கு மூன்று தட்டுச் சோறு தின்றான். தவசிக்குத்தான் உறக்கம் போனது. ஒரு கேமராவுக்கே ஒரு விரல் தேவைப்பட்டது. ஐந்துக்கு என்ன செய்ய? மூக்கன் தன் கையை விரித்து, இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான்.

"சரியா இருக்குண்ணே" என்றான்.

விழா மேடையில் ஐந்து கேமராவும் திரும்பி நிற்க, ராசா வந்தார். மூக்கனின் உள்ளங்கை அவர் மூக்கின் மேல் இருந்தது. ஐந்து விரலும் நெற்றி, கண், கன்னம் எல்லாவற்றையும் அப்பிக்கொண்டிருந்தன. வழி தெரியாமல் ராசா சிம்மாசனம் என்று நினைத்துத் தபேலாக்காரர் மடியில் உட்கார்ந்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மூக்கா, அஞ்சும் அழுந்தியிருக்கா?" என்று கைக்கு அடியிலிருந்து கேட்டான் ஒச்சப்பன்.

"இருக்குண்ணே."

"ஒண்ணைக்கூட எடுத்துராத. பட்டணமே எம்மொகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு."